அல்லி ஏன் குடிக்கவில்லை

செப்டம்பர் 2, திங்கள்

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மழை தள்ளிப் போகும் என்றேன், போயிற்று. அக்காவுக்கு வந்தது வெறும் சளி இல்லை என்று டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்தது நான். பதினாறாம் நாள் பந்திக்கு இலை பற்றாது என்றும் சொன்னேன். பற்றவில்லை. கடைசியில் நான் கடையைப் பூட்டிவிட்டு இந்த வீட்டில் வந்து இருக்கும்படி ஆகும் என்பதையும் சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்டால், அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் சொன்னேன்.

என் பெயர் சுடலைமுத்து. பாளையங்கோட்டையில் லாரி பேட்டரி கடை. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதுவும் அந்தக் காலத்து ஒன்பது. இப்போதைய எம்.ஏ.வுக்கு அரை விரற்கடை கூட. என் அக்கா வடிவு போன மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அத்தான் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் அக்கா மகள் கோமு மட்டும். வண்ணார்பேட்டையில் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். தாய்மாமன் நான் இருக்கும்போது புள்ள தனியாக இருப்பதா? அதனால் வந்துவிட்டேன்.

அக்கா காரியத்துக்கு ஊரே திரண்டது. கவுன்சிலர் வந்தார். அதாவது அவர் கார் நம் தெரு முனையைக் கடந்தது. வந்த மாதிரிதான்.

இந்த டைரி பேட்டரி கம்பெனிக்காரன் கொடுத்தது. போன வருஷத்து டைரி. கிழமையை நானே திருத்திக்கொள்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருந்தது. மாற்றினேன். தண்ணீர் வந்தது.

சொதி வைத்தேன். தேங்காய்ப் பால் எடுத்து, முருங்கைக்காய் போட்டு, சும்மா சொல்லக் கூடாது, தெரு முழுக்க மணந்தது. நாலாவது வீட்டிலிருந்து வந்து செய்முறை கேட்டார்கள், அல்லது கேட்க நினைத்தார்கள். கோமு ஒரு இடியாப்பத்தை அரை மணி நேரம் ருசித்துச் சாப்பிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அள்ளி விழுங்கும். இவள் அப்படி இல்லை. கிள்ளிக் கிள்ளி, பார்த்துப் பார்த்து. மீதியைத் தெரு நாய்க்கு வைத்தாள். நாய் என்னைக் கண்டால் இப்போது வாலாட்டுகிறது.

அக்கா செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. இன்றும் காலில் தட்டியது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு புது மதிப்பு ஏற்பட்டது. எழுதி வைக்க வேண்டியது.

மத்தியானம் மூன்று மணிக்குக் கோமுவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ஏஞ்சலின், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இன்னொருவன் தௌபீக், மேலப்பாளையத்தில் செல்போன் பழுது பார்க்கிறவன். மூவரும் வாராவாரம் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்களாம். நாலாவதாக இருந்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"மாமா, நீங்க சும்மாதான இருக்கிய? ஒரு ஆள் குறையுது. வாரியளா?" என்று ஏஞ்சலின் கேட்டாள். என் திறமை அவள் காது வரைக்கும் போயிருக்கிறது.

விளையாட்டு இதுதான். கருந்துறை என்று ஒரு துறைமுகம், இவர்களே கற்பனை செய்தது. அங்கே மனிதர்களோடு காட்டேரிகளும் நடமாடுகின்றன. நாம் எல்லாரும் காட்டேரி. ஆளுக்கொரு அட்டை, அதில் பெயர், வயது, குணம். ஆளுக்கு நாலு பகடை. ஏஞ்சலின்தான் கேம் மாஸ்டர். ஊரையும் ஊரில் உள்ள மற்ற ஆட்களையும் அவள் நடத்துவாள்.

"காட்டேரி இல்ல மாமா, வேம்பயர்" என்றான் தௌபீக்.

"பல்லு ஒண்ணுதானல?" என்றேன். என் அட்டையில் கருப்புதுரை என்று எழுதினேன். வயது ஐந்நூறு, சொந்த ஊர் வீரவநல்லூர், பதினொரு குதிரைகள். குதிரைக்கு இதில் வேலையே இல்லை என்றார்கள். இருக்கட்டும் என்றேன்.

ரத்தம் குடிப்பதற்கு முன்னால் காரணம் சொல்ல வேண்டும். அதுதான் இந்த விளையாட்டின் சட்டம்.

"பசின்னு சொல்லக் கூடாது மாமா. பசி எல்லாருக்கும் இருக்கு. ஏன் இந்த ஆளு, ஏன் இன்னிக்கு, அதைச் சொல்லணும்" என்றாள் ஏஞ்சலின்.

"கோழி திங்கையில கோழிகிட்ட காரணமா சொல்லுதோம்?"

"கோழி கேக்காது மாமா. ஏஞ்சலின் கேப்பா" என்றான் தௌபீக்.

அவனுடைய காட்டேரி ஒரு நீதிமான். குற்றவாளிகளைத்தான் குடிப்பானாம். என்னுடையவன் அரிசியில் கல் கலக்கும் ஒரு வியாபாரியைப் பிடித்தான். காரணம் கேட்டாள். "இவன் ரத்தத்துலயும் கல்லு கெடக்கான்னு பாக்கணும்" என்றேன். ஏஞ்சலின் சிரித்துச் சிரித்து மேசையைத் தட்டினாள். கோமுவும் சிரித்தாள். உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. குடிக்கப்படுகிற ஆளின் ஒரு ஞாபகம் குடிக்கிறவனுக்கு வந்து சேரும். ரத்தம் கொடுக்கிற ஆளாக ஆடுகிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். அரிசி வியாபாரியாக இருந்து ஏஞ்சலின் சொன்னாள்: சின்ன வயதில் தங்கச்சிக்கு வைத்திருந்த கஞ்சியை இவன் குடித்துவிட்டு, பானையில் தண்ணீர் ஊற்றி அளவைச் சரிக்கட்டினானாம். அதைக் கேட்டதும் கருப்புதுரைக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. பாதியில் விட்டுவிட்டான்.

கோமுவின் காட்டேரி பெயர் அல்லி. அவள் முறை வந்தது.

"அல்லி குடிக்கல" என்றாள்.

குடிக்காவிட்டால் ஒரு பகடை போய்விடும். கடைசிப் பகடையும் போனால் அந்த ஆள் சாம்பல். அட்டையைக் கிழித்துவிடுவார்கள். வேறு ஆள் எழுதிக்கொண்டு திரும்பவும் சேர முடியாது. ஏஞ்சலின் ஒரு பகடையை எடுத்து டப்பாவில் போட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கோமு கடையிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று கருப்புதுரை ஒரு மாலுமியைக் குடித்தான். நான் சொன்ன காரணத்துக்கு ஏஞ்சலின் எழுந்து நின்று கை தட்டாத குறை. "ஐந்நூறு வருஷமா ஒரே ஊர்ல கெடக்கேன். இவன் பாத்த ஊரையெல்லாம் நானும் பாக்கணும். டிக்கெட் இல்லாம போற வழி இது ஒண்ணுதான்."

"மாமா, இது நெசமாவே நல்ல காரணம்" என்றாள்.

தௌபீக் காரணம் சொல்லித் திணறினான். திருடன் என்று நினைத்து ஒருவனைக் குடித்துவிட்டான். ஞாபகம் வந்தபோது பார்த்தால், திருடனின் அண்ணன். "நீதிபதி ஐயா, சாட்சிய விசாரிச்சியளா?" என்று நான் கேட்டேன். "போங்க மாமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோமு முறை.

"அல்லி குடிக்கல."

"ஏன்னு சொல்லுட்டி. குடிக்கிறதுக்குக் காரணம் உண்டுன்னா குடிக்காததுக்கும் உண்டுல்லா" என்றாள் ஏஞ்சலின்.

கோமு பகடையை உருட்டாமல் மேசையில் அடுக்கினாள்.

"கடைசியா அவ குடிச்சிட்டு இருந்தப்ப ஒருத்தி செத்துட்டா."

"குடிச்சா சாவத்தான செய்வாங்க" என்றான் தௌபீக்.

"இவ குடிச்சது வேற ஆளு. செத்தவ வேற ஆளு. இவ கீழ இருந்து குடிச்சிக்கிட்டு இருந்தா. அவ மேல கெடந்தா."

கருந்துறையில் மாடி வீடு ஏது என்று நான் கேட்டேன். ஏஞ்சலின் பகடையை எடுத்தாள். பிறகு காபி போட்டேன். காபியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

அக்கா போன அன்றைக்கு அவள் வார்டு இரண்டாவது மாடியில். கேன்டீன் கீழே. கோமு காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, போய்விட்டு வா என்று நான்தான் சொன்னேன். யாராயிருந்தாலும் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் போன் போட்டேன். படிக்கட்டில் ஓடி வந்தாள். கை கழுவவில்லை. விரல்களில் பரோட்டாவும் சால்னாவும் ஒட்டியிருந்தது. அந்தக் கையோடு அம்மாவின் பாதத்தைப் பிடித்தாள். போய்க் கழுவிட்டு வாம்மா என்று நர்ஸ் சொன்னாள். இவள் போகவில்லை. சால்னா காய்ந்துவிட்டது. வண்டியில் வீட்டுக்கு வரும்போதும் காய்ந்துதான் இருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆவரங்காட்டுத் தெருவில் ஒருத்தன் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று கூப்பிட்டான். போனேன். செல் செத்திருந்தது. வந்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கோமு கண்ணாடிக் கடையில் மயங்கி விழுந்துவிட்டாள். நான் எதிர்பார்த்ததுதான். அந்தக் கடையில் ஏ.சி. அதிகம்.

கிளினிக்கில் டிரிப் போட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். "இந்தப் பொண்ணு என்ன சாப்பிடுது?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் குடும்பமே ஒடிசல் என்றேன். என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கோமுவின் கையைத் தூக்கிக் காட்டினாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போயிற்று.

"இப்படியே போச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேத்து மூக்கு வழியா ட்யூப் போட வேண்டியிருக்கும். ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்."

பெரிய ஆஸ்பத்திரி என்றால் அக்கா இருந்த அதேதான்.

ஆட்டோவில் வரும்போது கோமு சொன்னாள்: "அங்க மட்டும் வேண்டாம் மாமா. அங்க போறதுக்கு நான் இப்பிடியே போயிருதேன்."

புள்ளைகள் இப்படித்தான் பேசும். நான் ஆட்டோக்காரனிடம் அவன் வண்டி பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். அவன் வண்டியில் நான் சொன்ன குறை அப்படியே இருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

விளையாட்டு சீக்கிரம் முடிந்துவிட்டது. அல்லி குடிக்கவில்லை. ஒரு பகடைதான் மிச்சம்.

ஏஞ்சலின் அடுக்களைக்கு வந்தாள். டம்ளர் கழுவுகிற சாக்கில் நின்றாள்.

"மாமா, நாங்க சாப்பிடு சாப்பிடுன்னு சொல்லிப் பாத்தாச்சு. வாயே தொறக்க மாட்டா. அல்லின்னு சொன்னாதான் நாலு வார்த்த பேசுதா. அடுத்த வாரம் அல்லியும் போயிட்டான்னா, அப்புறம் அவகிட்ட பேச எங்களுக்கு வழியே இல்ல."

"கேம் மாஸ்டரு நீதான. சட்டத்த மாத்து."

"மாத்துனா நம்ப மாட்டா. அந்தச் சட்டத்த எழுதுனதே அவதான் மாமா. காரணம், ஞாபகம், அட்டையக் கிழிக்கது, எல்லாம் அவதான். ஒழுங்கா ஆடலன்னா வெளையாட்டே வேண்டாம்னுவா."

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, நேரம் வரும்போது சொல்கிறேன் என்றேன். அவள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

யோசனை ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 25, புதன்

புளிக்குழம்பு. கோமு தட்டில் இருந்தது தட்டிலேயே இருந்தது. நாய் ரொம்பக் கொழுத்துவிட்டது. இன்று நானும் சாப்பிட மறந்துபோனேன். மறந்ததுகூட சாயங்காலம் தலை சுற்றியபோதுதான் தெரிந்தது. எனக்கு சுகர், மறக்கக் கூடாது.

செப்டம்பர் 27, வெள்ளி

மோட்டார் போட்டேன். நிறுத்தினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தௌபீக் வீட்டிலிருந்து ஒரு டிபன் கேரியர் கொண்டுவந்து அடுக்களையில் வைத்தான். அதைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. மேசையில் உட்கார்ந்தோம். கோமு துப்பட்டாவைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். நல்ல வெயில் அப்போது.

என் முறையும் தௌபீக் முறையும் சும்மா போயின, ஆளுக்கொரு பகடை நஷ்டம். அவன் யாரையும் தண்டிக்கவில்லை. நான் குதிரைகளுக்குத் தண்ணி காட்டினேன்.

"அல்லி முன்னாடி இப்ப யாரு இருக்கா?" என்று ஏஞ்சலின் கேட்டாள்.

"யாருமில்ல. அவ கடற்கரையில தனியா இருக்கா. குடிக்கல." கோமு அந்தக் கடைசிப் பகடையை அவள் பக்கம் தள்ளினாள். அட்டையைக் கையில் எடுத்தாள். கிழிக்கிறவளும் அவளேதான் போலிருக்கிறது.

"பொறுட்டி. கருப்புதுரை வாரான்" என்றேன்.

"வேம்பயர வேம்பயர் குடிக்க முடியாது மாமா" என்றான் தௌபீக்.

"அப்பம் நான் மனுசனா ஆயிருதேன்."

"மனுசன் ஆனா திரும்பி வர முடியாது. ஐந்நூறு வருஷமும் போயிரும்" என்றாள் ஏஞ்சலின்.

"போட்டும்."

என் அட்டையை நானே கிழித்தேன். குதிரைகள்தான் பாவம்.

"இப்ப நீங்க யாரு?" என்று ஏஞ்சலின் கேட்டாள்.

"சுடலைமுத்து. பேட்டரி கடை. சுகர் உண்டு."

"அப்பம் இனிப்பாத்தான் இருக்கும்" என்றான் தௌபீக். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

கோமு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்குக் காரணம் இல்ல மாமா. காரணம் இல்லாம குடிக்கக் கூடாது."

"ஞாபகத்த மொதல்ல சொல்லுதேன். கேட்டுட்டு அப்புறமாக் காரணம் சொல்லு. இல்லன்னா கிழிச்சுப் போடு."

வரிசை மாறுகிறது. கோமு ஏஞ்சலினைப் பார்த்தாள். ஏஞ்சலின் தலையைக் குனிந்துகொண்டு, "முன்னப் பின்ன சொல்லக் கூடாதுன்னு நீ எழுதலட்டி" என்றாள்.

நான் சொன்னேன்.

"நீ கேன்டீனுக்குப் போன பெறகு உங்கம்மா கண்ணு முழிச்சா."

"சும்மா சொல்லாதீங்க மாமா."

"முழிச்சா. அந்த மாஸ்க்க கையால ஒதுக்கிட்டு, 'புள்ள எங்க'ன்னு கேட்டா. சாப்பிடப் போயிருக்கான்னேன். 'என்ன சாப்பிடுதா'ன்னா. பரோட்டாவா இருக்கும்னேன். 'காலையில இருந்து ஒண்ணும் திங்கலல்லா அவ. மெதுவாத் தின்னுட்டு வரட்டும். போனப் போட்டு அவ உசுர வாங்காத'ன்னா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தௌபீக் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்று கேட்டாள் கோமு.

"அப்புறம் மறுபடியும் கண்ண மூடிட்டா. அதுக்குப் பெறகுதான் நான் உனக்குப் போன் போட்டது."

"சிரிச்சாளா?"

"இல்ல. மூச்சு வாங்குச்சு அவளுக்கு. சிரிக்கல."

கோமு அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே ஐஸ்காரன் மணியடித்துப் போனான்.

"அல்லி குடிக்கிறா" என்றாள்.

"காரணம்?" ஏஞ்சலின் பகடையை அவள் பக்கமே திருப்பித் தள்ளினாள். "காரணம் சொல்லு."

"இவ கீழ என்ன செஞ்சிட்டு இருக்கான்னு மேல இருந்தவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தா."

பகடையை உருட்டினாள். என்ன விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

கேரியரில் நெய்ச்சோறும் தாளிச்சாவும். தௌபீக்கின் உம்மா செய்தது. கோமு நாலு தட்டு சாப்பிட்டாள். அண்டாவையே காலி செய்தாள் என்று சொல்லலாம். சரி, ஒரு தட்டு. அதிலும் பாதியை மூடி வைத்தாள். மூடி வைத்ததைச் சாயங்காலம் அவளே எடுத்துச் சாப்பிட்டாள். நாய் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

நான் அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவியிருக்கிறேன். ஏஞ்சலின் வந்து குழாயை மூடினாள்.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் தோசை. கல்லில் ஒன்று வேகும்போதே கோமு தட்டோடு வந்து நின்றாள். ஒன்று சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். சட்னியில் உப்பு கம்மி மாமா என்றாள். என் சட்னியில் உப்பு கம்மி என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"மாமா, அம்மா வேற எதுவும் சொன்னாளா?"

என்னால் எவ்வளவோ சொல்லியிருக்க முடியும். நகை எங்கே இருக்கிறது என்று சொன்னாள், உனக்கு நல்ல இடமாகப் பார்க்கச் சொன்னாள், உன் கூந்தலைப் பற்றிச் சொன்னாள். நாக்கின் நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா. அவ்வளவுதான்" என்றேன்.

தலையை ஆட்டினாள். போய்விட்டாள்.

தட்டைக் கழுவினேன். கல்லைத் துடைத்தேன். பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அக்கா அன்றைக்குக் கண் முழிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே முழிக்கவில்லை. மாஸ்க்கை யாரும் ஒதுக்கவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை சூடாக இருந்தது, அப்புறம் இல்லை. கோமு எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. அது நான் உண்டாக்கினது.